மூன்று இலைக்கு நான்கு பேர்

எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பார். யாருடைய பெயரைச் சொன்னாலும் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று சொல்லிவிடுவார். இணையத்தில் அந்த வேலையைப் பார்க்க டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. நாம் பெயரைக் கொடுக்கிறோம், அது ஐபி எண்ணைக் கொடுக்கிறது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு வடிவம் தந்தார். 1987இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. அவற்றின் எலும்புக்கூடு இன்றும் அப்படியே நிற்கிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 63 பைட்டுக்கு மேல் கூடாது, முழுப்பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, யுடிபி வழியாக வரும் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று அளவுகளை அந்த விதிகள் கறாராகச் சொல்கின்றன. 1999இல் வந்த ஒரு நீட்டிப்பு அந்த 512ஐத் தளர்த்தியது. டிசிபி வழியில் வரும் பதில் 65,535 பைட் வரை போகலாம். எண்களாக அடுக்குகிறேன் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இன்றைய பேச்சு முழுவதும் அளவைப் பற்றியதுதான்.

தேநீர்க் கடை மனிதருக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவர் தமக்குத் தெரிந்ததைத் தாமே சொல்கிறார். டிஎன்எஸ்ஸில் ஒரு பெயருக்கான பதிலை எழுதுபவர் அந்தப் பெயரின் சொந்தக்காரர். சில நூறு ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் ஒரு பெயரை வாங்கலாம். அந்தப் பெயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என்ன பதில் போக வேண்டும், அது எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்யலாம். கேட்பவர் அவரை நம்ப வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒரு மடல் வந்தால், அனுப்பியவர் சொல்லும் பெயர் மெய்தானா என்று பார்க்க மெயில் சர்வர் தானாகவே டிஎன்எஸ்ஸிடம் போகிறது. அந்நியர்மேல் சந்தேகப்பட்டு விசாரிக்கப் போகும் அந்த நொடியிலேயே, அந்நியர் எழுதிய எழுத்தை நம் இயந்திரத்தின் உள்ளறைக்குள் வாங்கிவைத்துப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே பெயரைத் தேடும் நிரல் எழுத்துப் பிழை திருத்துவது, படம் வரைவது போன்ற சாது வேலைகளைச் செய்யும் நிரலைப் போன்றதல்ல. வாசலில் நிற்கும் நிரல் அது.

லினக்ஸ் உலகத்தின் பெரும்பகுதியில் அந்த வாசலில் நிற்பது ஜிலிப்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் குனு சி லைப்ரரி. கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்டு வாங்குவது, பெயரைத் தேடுவது முதலான அன்றாட வேலைகளுக்கு மற்ற நிரல்களெல்லாம் இதைத்தான் அழைக்கின்றன. பைதானில் எழுதினாலும் பிஎச்பியில் எழுதினாலும் கடைசியில் பெயரைத் தேடும் வேலை இதனிடம்தான் வந்து சேரும். இது எழுதப்பட்டிருப்பது சி மொழியில். ஓராண்டு இடைவெளியில், 2015இலும் 2016இலும், இந்த லைப்ரரியின் பெயர் தேடும் பகுதியில் இரண்டு ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. அந்த இரண்டையும் சான்றாக வைத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நினைவகத்தைத் தப்பாகத் தொடும் பிழைகளைச் 'சாதாரணப் பிழை' என்றும் 'பாதுகாப்புப் பிழை' என்றும் பிரிக்கிறோமே, அந்தப் பிரிவினையை மனிதரால் நம்பகமாகச் செய்ய முடியாது. செய்ய முடியாத ஒன்றின்மேல்தான் நம் காப்பு ஏற்பாடுகள் அத்தனையும் உட்கார்ந்திருக்கின்றன.

முதல் ஓட்டையின் பெயர் கோஸ்ட். சிவிஇ-2015-0235 என்பது அதன் பதிவு எண். கெட்-ஹோஸ்ட்-பை-நேம் என்ற செயல்கூறின் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிப் 'பேய்' என்று வைத்தார்கள். ஓட்டைகளுக்குப் பெயர் சூட்டி முத்திரைப் படமும் வரைந்து வெளியிடுவது அப்போது ஒரு பழக்கமாகியிருந்தது. பிழையின் கதை எளியது. யாராவது பெயருக்குப் பதிலாக எண் முகவரியையே கொடுத்துவிட்டால் வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை, அதையே திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தச் சிறு வசதிக்காக உள்ளே ஒரு துணைச் செயல்கூறு இருந்தது: வந்த சரத்தில் எண்களும் புள்ளிகளும் மட்டுமே உள்ளனவா என்று பார்த்து, விடையை ஒரு பஃபரில், அதாவது அதற்கென ஒதுக்கிய நினைவக இடத்தில், எழுதும். எழுத வேண்டியவை நான்கு: முகவரி, முகவரிப் பட்டியலின் சுட்டிகள், மாற்றுப்பெயர்ப் பட்டியலின் சுட்டி, கடைசியாகப் பெயர். எவ்வளவு இடம் வேண்டும் என்று கூட்டிப் பார்க்கும் வரியில் மூன்றுதான் இருந்தன. மாற்றுப்பெயர்ச் சுட்டி விட்டுப்போயிற்று. பந்தியில் மூன்று இலை போட்டுவிட்டு நான்கு பேரை உட்காரச் சொன்னதுபோல. நான்காமவர் எழுந்து போகமாட்டார். பக்கத்தில் இருக்கும் இலையில் கை வைப்பார்.

விட்டுப்போன இடம் எவ்வளவு தெரியுமா? 32 பிட் இயந்திரத்தில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். அதில் நினைத்ததை எழுதவும் முடியாது. எண்கள், புள்ளி, சரத்தை முடிக்கும் சுழிக்குறி இவை மட்டும்தான். இதைப் பார்க்கும் அனுபவசாலிகூட, 'இதை வைத்து யார் என்ன செய்துவிட முடியும்' என்று நகர்ந்துபோயிருப்பார். அதில் குற்றம் காண முடியாது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நகர்ந்துபோகவில்லை. எக்ஸிம் என்ற மெயில் சர்வரை எடுத்துக்கொண்டார்கள். வணக்கம் சொல்லித் தன் பெயரை அறிவிக்கும் எதிராளியின் பெயரைச் சரிபார்க்கும்படி அமைக்கப்பட்ட எக்ஸிம், அந்தப் பெயரை நேரே ஜிலிப்சிக்குத் தரும். ஆய்வாளர்கள் நீண்ட எண் வரிசையைப் பெயராக அனுப்பினார்கள். வழிந்த அந்தச் சில பைட்டுகள், நிரல் தேவைக்கேற்பக் கேட்டு வாங்கும் ஹீப் நினைவகத்தில் அடுத்திருந்த காலித் துண்டின்மேல் விழுந்தன. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு மாறியது. இல்லாத நிலத்தைப் பட்டாவில் சேர்த்து எழுதியதுபோல் துண்டு பெரிதாகிவிட்டது. அதற்குப் பின் அந்தப் பொய்ப் பட்டாவை நம்பி நினைவக மேலாளரே மற்றவர் இடத்தை எடுத்து எடுத்துக் கொடுத்தது. கடைசியில், 32 பிட், 64 பிட் இரண்டிலும், அன்றைய காப்பு அரண்களைத் தாண்டித் தொலைவிலிருந்தே சர்வரைத் தங்கள் ஆணைக்குள் கொண்டுவந்ததாக அறிவித்தார்கள். எட்டு பைட்டும் பத்து எண்களும் ஒரு புள்ளியும் போதுமானதாக இருந்தன.

இதுவரை சொன்னது பிழையின் திறமைக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் தேதிகள். பிழை நுழைந்தது 2000 நவம்பரில் வெளியான 2.2ஆம் பதிப்பில். உலகுக்கு அறிவிக்கப்பட்டது 2015 ஜனவரி 27இல். ஆனால் அது சரிசெய்யப்பட்டது 2013 மே 21இல்! ஆம், அறிவிப்புக்கு இருபது மாதங்கள் முன்பே ஜிலிப்சியின் மூலத்தில் திருத்தம் போய்விட்டது. சாதாரணப் பிழையாக நினைத்துத் திருத்தினார்கள். ஆபத்து என்று யாரும் குறிக்கவில்லை. நீண்டகாலப் பராமரிப்பு உள்ள லினக்ஸ் பதிப்புகள் நடக்கும் முறை இங்கே தெரிந்திருக்க வேண்டும். அவை ஒரு பதிப்பை உறையவைத்து, ஐந்து பத்து ஆண்டுகள் அதையே காக்கின்றன. மேல்மூலத்தில், அதாவது லைப்ரரியை எழுதுபவர்களிடம், நாள்தோறும் வரும் திருத்தங்கள் எல்லாவற்றையும் எடுக்கமாட்டார்கள்; 'பாதுகாப்பு' என்ற முத்திரை விழுந்ததைத்தான் முதலில் எடுப்பார்கள். முத்திரை விழாததால் டெபியன் 7, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6, 7, உபுண்டு 12.04 எல்லாம் மருந்து கண்டுபிடித்த பிறகும் 2015 ஜனவரி வரை நோயோடு ஓடின. உலகின் கவனமான நிறுவனங்கள் கவனத்தோடு தேர்ந்தெடுத்து ஓட்டியவை இவைதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரரின் மடிக்கணினி தப்பித்திருக்கும். வங்கியின் சர்வர் தப்பித்திருக்காது. இதற்கிடையில், மேல்மூலத்தில் விழும் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, 'இவர்கள் எதைத் திருத்தினார்கள், எதற்காக' என்று யோசிக்கும் வேலையைத் தாக்குபவர் செய்யலாம். அவருக்கு முத்திரை தேவையில்லை.

கோஸ்ட் வந்தபோது எல்லோரும் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: கெட்-ஹோஸ்ட்-பை-நேம் பழசு, 2008ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரத்திலேயே அதை நீக்கிவிட்டார்கள், கெட்-அட்ரஸ்-இன்ஃபோ என்ற புதியதற்கு மாறுங்கள். அறிவுரை சரியானது, கேட்டவர்களும் இருந்தார்கள். ஓராண்டுக்குப் பின், 2016 பிப்ரவரி 16இல், கெட்-அட்ரஸ்-இன்ஃபோவில் சிவிஇ-2015-7547 அறிவிக்கப்பட்டது. முன்னதைவிடக் கடுமையானது. இந்தப் புதிய செயல்கூறு ஒரே பெயருக்கு ஐபி நான்காம் பதிப்பு முகவரியையும் ஆறாம் பதிப்பு முகவரியையும் சேர்த்தே கேட்கும். பதிலுக்காக ஸ்டேக்கில் 2048 பைட் இடம் ஒதுக்கும். பதில் அதைவிடப் பெரிதாக வந்தால் ஹீப்பில் பெரிய இடம் ஒன்றை வாங்கிக்கொள்ளும். அப்படி மாறும்போது மூன்று குறிப்புகளைச் சேர்த்து மாற்ற வேண்டும்: இடம் எங்கே, அதன் கொள்ளளவு என்ன, வந்த பதில் எவ்வளவு. இரண்டு பதில்கள், மறுமுயற்சிகள், யுடிபியிலிருந்து டிசிபிக்குத் தாவல் எனச் சில நிகழ்வுகள் குறிப்பிட்ட வரிசையில் நடந்தால், கொள்ளளவுக் குறிப்பு புதிய இடத்தைச் சொன்னது. இடக் குறிப்பு பழையதிலேயே நின்றது. குதிரின் அளவை எழுதிவைத்துக்கொண்டு நெல்லை மரக்காலில் கொட்டினால் என்ன ஆகும்? ஸ்டேக்கில் வழிவது இன்னும் மோசம். வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி அங்கேதான் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் எழுதியவர் நிரலைத் தாம் விரும்பும் இடத்துக்குத் திருப்பிவிடலாம். முன்னதில் எண்ணும் புள்ளியும்தான். இங்கே தாக்குபவருக்கு ஆயிரக்கணக்கான பைட்டுகள், அவர் விரும்பிய உள்ளடக்கத்தோடு.

இந்தப் பிழை 2008இல் வந்த 2.9ஆம் பதிப்பிலிருந்தே இருந்தது. இதன் தேதிகளும் பேசுகின்றன. 2015 ஜூலையிலேயே ஜிலிப்சியின் பொதுப் பிழைப் பதிவேட்டில் புகார் ஏறிவிட்டது, யாரும் படிக்கக்கூடிய இடத்தில். கூகுள் பொறியாளர் ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட சர்வரோடு எஸ்எஸ்எச் மூலம் இணையும்போதெல்லாம் நிரல் செத்து விழுந்தது. அதைத் தோண்டிப்போன கூகுள் குழு, பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த புகாரைக் கண்டது; ரெட் ஹேட்டின் ஃப்ளோரியான் வைமரும் கார்லோஸ் ஓ'டொனலும் தனியாக அதன் ஆழத்தை ஆராய்ந்துகொண்டிருப்பதும் தெரிந்தது. இரு தரப்பும் சேர்ந்து திருத்தத்தை உருவாக்கின. ஒழுங்காக நடந்த வேலை, பாராட்டத்தான் வேண்டும். என்றாலும் அந்தப் புகார் ஏழு மாதம் திறந்த வெளியில் கிடந்தது. ஒரு நிரல் செத்து விழுவதைப் பார்த்தால் நமக்கு முதலில் தோன்றுவது தொல்லை. அதில் ஒரு கதவு இருப்பது அடுத்த பார்வையில்தான் தெரியும். அந்த அடுத்த பார்வையைப் பார்க்க உலகில் மிகச் சிலருக்கே பயிற்சி உண்டு. பதிவேடுகளிலோ புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன.

இங்கே நேர்மையாக எதிர்ச் சான்றையும் வைக்க வேண்டும். கோஸ்ட் அறிக்கையில் குவாலிஸ் ஆய்வாளர்களே ஒரு நீண்ட பட்டியல் தந்தார்கள்: அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், ஓப்பன் எஸ்எஸ்எச், போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில், சாம்பா எனப் பல மென்பொருள்களில், தங்களுக்குத் தெரிந்தவரை, இந்த ஓட்டையைத் தூண்ட முடியாது என்று. காரணங்கள் பலவிதம். சில நிரல்கள் பெயரை முன்கூட்டியே அளந்து பார்த்தன. சில புதிய செயல்கூறைப் பயன்படுத்தின. ஆக, 'ஓட்டை இருந்தது, ஆனால் பெரும்பாலான இடங்களில் ஆபத்தில்லை' என்று ஒருவர் வாதாடலாம். 2013இல் முத்திரை குத்தாதவர்களுக்குச் சாதகமாகவும் அது இருக்கும். ஆனால் இந்தச் சான்று என் பக்கம்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். லைப்ரரியில் உள்ள ஒரு வரி ஆபத்தானதா இல்லையா என்பது அந்த வரியில் இல்லை. அதை அழைக்கும் நிரலில், அந்த நிரலின் அமைப்புக் கோப்பில், இயந்திரத்தின் நினைவக அடுக்கில் இருக்கிறது. லைப்ரரியை எழுதுபவருக்கு அவை எதுவும் தெரியாது; தெரியவும் வழியில்லை. 'இதைத் தாக்கப் பயன்படுத்த முடியாது' என்று சொல்வதற்கு உலகில் உள்ள எல்லா நிரல்களையும் பார்த்திருக்க வேண்டும். 'முடியும்' என்று சொல்ல ஒரே ஒரு எக்ஸிம் போதும்.

அப்படியானால் நினைவகப் பிழை எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திவிட்டால் என்ன? நல்ல கேள்வி, நடந்தும் பார்த்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் குழு தன் பிழைகளுக்குச் சிவிஇ எண்ணைத் தானே வழங்கும் பொறுப்பை ஏற்றது. கெர்னல் இருக்கும் ஆழத்தில் ஏறக்குறைய எந்தப் பிழையும் யாரோ ஒருவருக்கு ஆயுதமாகலாம், ஆகவே எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்து எண்களைத் தாராளமாக வழங்குவோம் என்பது அவர்கள் நிலை. எண்கள் வெள்ளமாக வந்தன. நிர்வாகிகள் திணறினார்கள், எது முக்கியம் என்று தெரியாமல் போய்விட்டது என்று குறைப்பட்டார்கள். இரு தரப்பும் உண்மையே பேசுகிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. குறைத்துக் குத்தினால் கோஸ்ட் நழுவுகிறது. எல்லாவற்றிலும் குத்தினால் முத்திரைக்கே மதிப்பில்லை. இந்தச் சிக்கலுக்கு முத்திரை குத்தும் மேசையில் விடை கிடைக்காது. மேசைக்கு வரும் பிழைகளின் வகையையே குறைக்க வேண்டும். அதாவது, அளவை மறக்க முடியாத மொழியில் எழுத வேண்டும்.

சி மொழியில் ஒரு சுட்டி என்பது வெறும் முகவரி. அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதை எழுதுபவர் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொன்ன இரண்டு பிழைகளும் இந்த ஒரே விரிசலில் முளைத்தவை. ஒன்றில் அளவைக் கூட்டுவதில் தவறு. மற்றதில் அளவு ஒரு பக்கமும் இடம் வேறு பக்கமும் போயின. ரஸ்ட் போன்ற மொழியில் ஒரு நினைவகப் பகுதியைக் கையில் வாங்கும்போதே அதன் நீளமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. குதிரின் அளவையும் மரக்காலையும் சேர்த்துக் குழப்புவதை அந்த மொழியின் பாதுகாப்பான பகுதியில் எழுதவே முடியாது. கோஸ்ட் போன்ற கூட்டல் தவறு அங்கும் நேரலாம். நேர்ந்தால் நான்காம் விருந்தினர் உட்காரும் முன்பே பந்தி நின்றுவிடும். நிரல் அங்கேயே நிற்கும். சேவை தடைபடும், சலிப்புதான். ஆனால் வீட்டுச் சாவி கைமாறியிருக்காது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு பழையது: நல்ல புரோகிராமர் இப்படித் தவறு செய்யமாட்டார், சி மொழியைக் குறைசொல்லாதீர்கள் என்பது. ஜிலிப்சியை எழுதுபவர்கள் அந்த மொழியின் ஆகச் சிறந்த கைகளில் அடங்குவர். கோஸ்ட் வரி பன்னிரண்டரை ஆண்டு எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. திறந்த மூலம் என்பதால் ஆளில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் பக்கம் பார்க்கட்டும். 2020 ஜூலையில் செக் பாயிண்ட் நிறுவனம் விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரில் கண்டறிந்த சிக்ரெட் என்ற ஓட்டை பதினேழு ஆண்டு பழையது. அங்கேயும் கதை அளவுதான்: சிக் என்ற வகைப் பதிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கு 16 பிட் எண்ணில் வைக்கப்பட்டிருந்தது. டிஎன்எஸ் விதிகள் பெயர்களைச் சுருக்கி எழுத அனுமதிக்கின்றன. சுருக்கி அனுப்பியதை விரித்தால் 65,535ஐத் தாண்டும்படி செய்தால், ஓடோமீட்டர் சுற்றி வந்து சின்ன எண்ணில் நிற்பதுபோல் கணக்கு சின்னதாகிவிடும். சின்ன இடத்தில் பெரிய பதில். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு அரசுத் துறைகள் 24 மணி நேரத்துக்குள் சர்வர்களைச் சரிசெய்ய வேண்டும் என்று அவசர ஆணையே போட்டது. ஊதியம் பெறும் பெரும்படை, மூடிய மூலம், அதே பிழை. 2019இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள், தாங்கள் ஆண்டுதோறும் சிவிஇ எண் கொடுத்துத் திருத்தும் ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்று சொன்னார்கள். குரோம் உலாவியின் கடுமையான ஓட்டைகளிலும் ஏறக்குறைய அதே விகிதத்தைக் கூகுள் பின்னர் சொன்னது. இத்தனை இடங்களில், இத்தனை திறமையாளர்களிடம், ஒரே வகைத் தவறு ஒரே விகிதத்தில் நடக்கிறது என்றால் அதைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று சொல்வது வீம்பு. இன்னும் சொல்லப்போனால் இது புதிய அறிவும் அல்ல. டோனி ஹோர் 1980ஆம் ஆண்டு டூரிங் விருது உரையில், தம் பழைய அல்கால் கம்பைலர் ஒவ்வொரு அணி எண்ணையும் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஓடும்போதே சோதித்ததையும், வேகத்துக்காக அதை நீக்கட்டுமா என்று கேட்டபோது வாடிக்கையாளர்களே வேண்டாம் என்று மறுத்ததையும் நினைவுகூர்ந்தார். எட்டாண்டு கழித்து, 1988 நவம்பரில், ஃபிங்கர் சேவையின் 512 பைட் பஃபரை வழியவைத்து மாரிஸ் புழு இணையத்தில் பரவியது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இன்றைய இயங்குதளங்கள் நினைவக இடங்களைக் கலைத்து வைக்கின்றன. ஸ்டேக்கில் காவல் எண் வைக்கின்றன. எழுதும் பகுதியில் நிரலை ஓடவிடுவதில்லை. பிழை இருந்தாலும் பயன்படுத்துவது கடினம் அல்லவா? கடினம்தான். 2016 பிழையை அறிவித்தபோது கூகுள் குழுவும் அதைத்தான் சொன்னது: தொலைவிலிருந்து நிரலை ஓட்ட முடியும், ஆனால் இந்த அரண்களைத் தாண்ட வேண்டும். தாண்டிக் காட்டும் தங்கள் நிரலை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். இந்த அரண்கள் தாக்குதலின் விலையை உயர்த்துகின்றன. அதற்காக அவற்றை மதிக்கிறேன். ஆனால் உயர்ந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் யார் என்று யோசியுங்கள். தெருத் திருடர்கள் விலகிப்போவார்கள். பணமும் பொறுமையும் உள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். டிஎன்எஸ்ஸின் வரலாற்றிலேயே பெரும் பீதியைக் கிளப்பிய ஓட்டை நினைவகப் பிழை அல்லவே என்கிறார்கள். உண்மை. 2008இல் டான் கமின்ஸ்கி கண்டறிந்தது வேறு வகை. கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் பார்க்க டிஎன்எஸ் பயன்படுத்திய அடையாள எண் 16 பிட்தான். ஊகித்துப் போலிப் பதில்களைத் தள்ளி, சர்வரின் நினைவில் பொய் முகவரியை நட்டுவிடலாம். பல நிறுவனங்கள் இரகசியம் காத்து, அந்த ஜூலையில் ஒரே நாளில் பேட்ச் வெளியிட்டன. கேள்வி புறப்படும் போர்ட் எண்ணையும் மாற்றி மாற்றி வைத்து ஊகத்தைக் கடினமாக்கினார்கள். டிஎன்எஸ் மென்பொருளை எந்த மொழியில் எழுதியிருந்தாலும் அந்த ஓட்டை இருந்திருக்கும். ஆகவே ரஸ்டில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர் விற்பனையாளர். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கமின்ஸ்கியின் ஓட்டை விதிகளின் தாளில் இருந்தது. விதிகளைப் படித்தவர் அதைப் பற்றி விவாதிக்க முடிந்தது, எது ஆபத்து என்று சொல்ல முடிந்தது, உலகம் முழுவதற்கும் ஒரே தீர்வைக் கொடுக்க முடிந்தது. நினைவகப் பிழைக்கு அந்தத் தாள் கிடையாது. அதன் விளைவு என்ன என்பது மொழியின் விதிகளுக்கு வெளியே விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு இயந்திரத்திலும் வேறு வேறு பாடம். கமின்ஸ்கியே 2016 ஓட்டையைப் பற்றி எழுதியபோது, அது எந்தப் பூட்டை எல்லாம் திறக்கும் என்று இன்னும் தெரியாத சாவி என்ற பொருளில் தலைப்பு வைத்தார். மொழியை மாற்றினால் பிழைகள் தீராது. யோசித்துத் தீர்க்கக்கூடிய பிழைகள் மிஞ்சும். யோசிப்பவர்களின் நேரமும் அவற்றுக்குக் கிடைக்கும்.

வேகம் குறையும் என்ற மறுப்பை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. ஒரு பெயரைத் தேடிக் கேள்வி வெளியே போய்த் திரும்ப மில்லி வினாடிகள் ஆகும். எல்லையைச் சரிபார்க்க நானோ வினாடிகள். பட்டணம் போய்வரும் செலவில் செருப்பை வாசலில் விடும் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம். அதைவிடக் கனமானது, நாற்பதாண்டு சி நிரலை யார் திரும்ப எழுதுவது என்ற கேள்வி. அத்தனையையும் எழுத வேண்டியதில்லை என்பதற்கு ஆண்ட்ராய்டில் சான்று இருக்கிறது. கூகுள் பழையதைக் கிடக்கவிட்டு, புதிதாக எழுதுவதை மட்டும் பாதுகாப்பான மொழிகளுக்கு நகர்த்தியது. 2019இல் ஆண்ட்ராய்டின் ஓட்டைகளில் 76 விழுக்காடு நினைவகப் பிழைகள். 2024இல் 24 விழுக்காடு. பழைய நிரலில் உள்ள பிழைகள் கண்டறியப்பட்டுக் காலப்போக்கில் குறைகின்றன. புதிய நிரலில்தான் புதிய பிழைகள் நுழைகின்றன. கோஸ்ட்டின் பன்னிரண்டு ஆண்டை வைத்து இதை ஒருவர் மறுக்கலாம். பழையதிலும் பேய்கள் தங்கும் என்பது சரிதான். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் மாற்ற வேண்டியது அந்நியர் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதி. டிஎன்எஸ்ஸில் அது அளவில் சிறியது, விதிகள் வெளிப்படையாக எழுதப்பட்டவை, சோதிக்க வசதியானது. கோ மொழி சி லைப்ரரியை நம்பாமல் தனக்கென்று ஒரு பெயர் தேடும் பகுதியை வைத்துக்கொண்டது. அதன் வழியே பெயரைத் தேடிய நிரல்களை 2016 ஓட்டை தொடவில்லை. பைதான் பாதுகாப்பான மொழிதான், ஆனால் பெயருக்காக ஜிலிப்சியிடம் போனதால் மாட்டிக்கொண்டது. ரஸ்டில் ஹிக்கரி என்ற முழுமையான டிஎன்எஸ் மென்பொருள் வளர்ந்து வருகிறது. ஆண்ட்ராய்டு 2022இல் எச்டிடிபி-3 வழியே டிஎன்எஸ் கேட்கும் பகுதியைச் சேர்த்தபோது அதை ரஸ்டில்தான் எழுதினார்கள்.

எஞ்சியிருக்கும் மறுப்பு எனக்கும் தலைவலி தருவது. மேலே எல்லாம் மாறினாலும் கீழே கிடப்பவை மாறாது. ஜிலிப்சியை வன்தட்டில் புதுப்பித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய பிரதியையே நினைவில் வைத்திருக்கும். அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் திருத்தம் உள்ளே வரும். கோஸ்ட் வாரத்தில் பல நிர்வாகிகள் எந்தெந்தச் சேவையை மறுதொடக்கம் செய்வது என்று பட்டியல் போடுவதைவிட இயந்திரத்தையே அணைத்துப் போடுவது மேல் என்று முடிவு செய்ததற்கு இதுதான் காரணம். லைப்ரரியைத் தனக்குள்ளேயே கட்டிவைத்துக்கொண்ட நிரல்களுக்கு அந்த வழியும் கிடையாது. ஒவ்வொன்றையும் திரும்பக் கட்ட வேண்டும். உற்பத்தியாளர் கைகழுவிய வீட்டு ரூட்டரை யார் கட்டுவது? இதற்குச் சட்டமும் சந்தையும் சேர்ந்து விடை தேட வேண்டும். மொழியால் ஆவது குறைவு. ஒரு சிறு தகவலை மட்டும் இங்கே வைக்கிறேன். பாசிக்ஸ் தரத்திலிருந்து 2008இல் நீக்கப்பட்ட அந்தக் கெட்-ஹோஸ்ட்-பை-நேம் ஜிலிப்சியில் இன்றும் இருக்கிறது. எடுத்துவிட்டால் அதை அழைக்கும் பழைய நிரல்கள் நின்றுவிடும் என்பதால் எடுக்கவில்லை. இப்போது அது நான்கு பொருளுக்கும் இடம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது.